துவாஸ் யார்டில் டீசல் டேங்க் வழிந்துவிட்டது: அலாரம் போட்டால் போதுமா?

துவாஸ்யார்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு லாரி யார்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்களிடம் தரைக்கு மேலே படுக்கவைத்த உருளை டேங்க் ஒன்று இருக்கிறது. 10,000 லிட்டர், குறுக்களவு 2 மீட்டர், சுற்றிலும், கசியும் எண்ணெய் வெளியே போகாமல் தடுக்க, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும் காங்கிரீட் பண்ட் சுவர். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, டேங்கர் வந்து 5,000 லிட்டர் ஊற்றிவிட்டுப் போகும். நான் சேர்ந்து 4 வருடம் ஆகிறது, அதற்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம்.

போன செவ்வாய் காலையில் நல்ல மழை. டயல் மீட்டரைக் கொட்டகையிலிருந்தே எட்டிப் பார்த்தேன், 4,500 காட்டியது. அதோடு 5,000 சேர்ந்தால் 9,500, இடம் இருக்கிறது என்று டிரைவர் அங்கிளை ஊற்றச் சொல்லிவிட்டு, டெலிவரி சீட்டிலும் அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன் (கோப்பி ஆறிக்கொண்டிருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்). பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும், வெளியே அங்கிள் கத்துகிறார். ஓடிப்போய்ப் பார்த்தால் வெண்ட் குழாயின் (டேங்குக் காற்று போகும் குழாய்) வளைந்த வாயிலிருந்து டீசல் பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டுகிறது. அவர் பம்பை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஒழுகிக்கொண்டே இருந்தது. டேங்கர் மீட்டரில் 4,670. கீழே போனது ஒரு 70 லிட்டர் இருக்கும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம்.

பண்டுக்குள் நின்றிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். முந்தின நாள் மழைத்தண்ணீரை வடிக்க வால்வைத் திறந்த எங்கள் ஆள் மூட மறந்துவிட்டார். பாதிக்குப் பாதி லோங்காங்குக்கு (மழைநீர் வடிகாலுக்கு) போய்விட்டது. மழைத்தண்ணீர் மேல் வானவில் மாதிரி படலம், அடுத்த கம்பெனி வாசல் வரைக்கும். அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், எழுதி வாங்கினார்கள். என்ன தண்டனை வரும் என்று இன்னும் தெரியவில்லை. தவுக்கே (முதலாளி) முகம் இன்னும் நேராகவில்லை.

கேட்க வந்தது இதுதான். டயல் 4,500 காட்டியும் எப்படி வழிந்தது? ஒரு சப்ளையர் அலாரம் வையுங்கள் என்கிறார், இன்னொருவர் டேங்க் நிரம்பியதும் தானாக மூடிக்கொள்ளும் ஓவர்ஃபில் வால்வு போட்டால் பிரச்சினையே வராது என்கிறார். ஏதாவது ஒன்றுக்குத்தான் காசு தருவேன் என்று தவுக்கே சொல்லிவிட்டார். எதை வாங்குவது?

டிப்குச்சி எழுதியது:

தம்பி, இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே பதில் இருக்கிறது.

டேங்கர் மீட்டர் 4,670. கீழே போனது 70. அப்படியானால் டேங்குக்குள் போனது 4,600. டேங்க் 10,000-இல் நிரம்பிவிட்டது. அப்போது அன்று காலை உள்ளே எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? 5,400. உங்கள் டயல் 900 லிட்டர் குறைத்துச் சொல்லியிருக்கிறது. 2 மீட்டர் குறுக்களவு, 10,000 லிட்டர் என்றால் நீளம் கிட்டத்தட்ட 3.2 மீட்டர் வரும். அந்த டேங்கில் பாதி உயரத்துக்குப் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 64 லிட்டர். ஆக அந்த முள் 14 சென்டிமீட்டர் தவறு. இது சின்னத் தவறு இல்லை, டயல் முள்ளை நகர்த்தும் மிதவைக் கை எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. எத்தனை வாரமாக நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஒன்று செய்யுங்கள், கடந்த இரண்டு மாதமாக டெலிவரிக்கு முன்னால் டயல் என்ன காட்டியது என்று குறித்து வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள்.

நான் ஜூரோங் தீவில் டேங்க் டெர்மினலில் 22 வருடம் வேலை பார்த்தவன். அங்கே ஒரு டேங்க் உங்கள் டேங்கைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது, ரேடார் மீட்டர், கன்ட்ரோல் ரூம், எல்லாம் உண்டு. அங்கேயும் கப்பலிலிருந்து எண்ணெய் வாங்கும் முன்னால் முதல் கேள்வி ஒன்றுதான்: காலியிடம் எவ்வளவு? நாங்கள் அதை அல்லேஜ் என்போம். அந்த எண் இரண்டு பேர் கையெழுத்தோடு தாளில் ஏறாமல் ஒரு வால்வும் திறக்காது. உங்கள் யார்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. செவ்வாய் என்றால் 5,000. டேங்கில் என்ன இருக்கிறது என்பதற்கும் ஆர்டருக்கும் சம்பந்தமே கிடையாது. நாலு வருடம் வழியாமல் இருந்ததற்குக் காரணம் வாரத்துக்கு 5,000 செலவாகிக்கொண்டிருந்தது என்பது மட்டும்தான். போன வாரம் என்ன, ஏதாவது விடுமுறை வந்ததா?

அதனால் காசு செலவழிக்கும் முன்னால், டேங்குக்குள் விட்டு மட்டம் பார்க்கும் டிப் குச்சி ஒன்று வாங்குங்கள். நுனியில் பித்தளை, சென்டிமீட்டர் கோடு போட்டது. கூடவே அந்த டேங்குக்கான அளவு அட்டவணை, எத்தனை சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது, டேங்க் செய்து கொடுத்தவரிடம் கேட்டால் தருவார். இல்லையென்றால் கணக்குப் போட்டே தயாரிக்கலாம். டெலிவரிக்கு முன்னால் டிப் பார்க்க வேண்டும். மழை என்றால் குடை பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். குச்சியை மெதுவாக இறக்கி, அடி தட்டியதும் எடுத்து, துடைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுத வேண்டும். இன்னொன்று, படுக்கை டேங்குகளை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வைப்பார்கள், தண்ணீர் அந்தக் கோடியில் தங்கட்டும் என்று. டிப் துளை எந்தக் கோடியில் இருக்கிறது என்று பாருங்கள், பள்ளத்துப் பக்கம் என்றால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், மேட்டுப் பக்கம் என்றால் குறைத்துக் காட்டும்.

ஆறுசக்கரம் எழுதியது:

நான் டேங்கர் ஓட்டுகிறேன், அந்தப் பக்கத்துக் கதையையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா.

அண்ணன் சொன்ன 'இடம் எவ்வளவு' என்ற கேள்வியை நாங்கள் கேட்காமல் இல்லை. கேட்டால் பத்தில் எட்டு இடத்தில் வரும் பதில், "இருக்கு இருக்கு, ஊத்துங்க". சீட்டை நீட்டினால் ஊற்றும் முன்னாலேயே கையெழுத்து வந்துவிடும், ஆள் போய்விடுவார். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள், கோபப்படாதீர்கள். அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? எண்ணெய் வாங்கிக்கொண்டேன் என்று. வாங்கும் முன்னாலேயே எப்படி வாங்கிக்கொண்டேன் என்று எழுதித் தருகிறீர்கள்?

எங்கள் பக்கத்துத் தவறும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆர்டர் 5,000 என்று வந்தால் 5,000-ஐ இறக்கிவிட்டு வரத்தான் எல்லா டிரைவரும் பார்ப்பார்கள். 600 லிட்டரைத் திருப்பிக் கொண்டுபோனால் அலுவலகத்தில் ஆயிரம் கேள்வி, அடுத்த கடைக்கு வேறு எண்ணெய் என்றால் டேங்கரின் அந்த அறையைக் காலி பண்ண வேண்டும், நேரம் போகும். அதனால் கடைசி நூறு இருநூறு லிட்டரை எப்படியாவது உள்ளே தள்ளிவிடலாம் என்று கை அரிக்கும். நீங்கள் சரியான அளவுக்கு ஆர்டர் போட்டால் அந்த அரிப்பே வராது.

டிரைவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதையும் சொல்கிறேன். நான் நிற்பது வண்டிப் பக்கத்தில், பம்பும் மீட்டரும் அங்கேதான். உங்கள் டயல் டேங்கின் மறுபக்கம் இருந்தால் எனக்குத் தெரியாது. எங்கள் பம்ப் ஒரு நிமிடத்துக்கு 400 லிட்டர் தள்ளும். யாராவது "நிறுத்து" என்று கத்தி, அது பம்ப் சத்தத்தில் என் காதில் விழுந்து, நான் திரும்பி, கையை எடுத்துப் போய் நிறுத்துவதற்குள் பத்து விநாடி போய்விடும். பத்து விநாடி என்றால் 65 லிட்டருக்கு மேல். உங்கள் 70 லிட்டர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது!

ஹோஸையும் மறக்காதீர்கள். மூன்று அங்குல ஹோஸில் ஒரு மீட்டருக்கு நாலரை லிட்டர் நிற்கும், 20 மீட்டர் ஹோஸ் என்றால் 90 லிட்டர். டேங்க் விளிம்புவரை நிரம்பிவிட்டால் அந்த 90-ஐ எங்கே வடிப்பது? கப்ளிங்கை (ஹோஸ் இணைப்பை) கழற்றினால் தரையில்தான். பல யார்டில் ஊற்றும் வாய் பண்டுக்கு வெளியே இருக்கும், கீழே ஒரு தட்டுகூட இருக்காது. வெண்ட் வாயையும் எப்போதாவது ஏணி போட்டுப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்த டேங்கை நான் பார்த்திருக்கிறேன். காற்று வெளியே போக வழியில்லாமல் டேங்க் தகரம் டங்கென்று சத்தம் போட்டது. பெயிண்ட் அடிக்கும்போது வலையோடு சேர்த்துப் பூசி மூடுபவர்களும் உண்டு.

சந்தேகப்பிராணி எழுதியது:

70 லிட்டர் டீசலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? பெட்ரோல் என்றால் சரி. டீசல்மேல் தீக்குச்சி போட்டால்கூட அணைந்துவிடும் என்பார்கள். மண் போட்டு மூடி, தண்ணீர் அடித்துவிட்டால் முடிந்தது. தவுக்கே காசு தராததில் நியாயம் இருக்கிறது.

பச்சைச்சட்டை எழுதியது:

தண்ணீர் அடித்துவிட்டால் முடியாது, அங்கேதான் தொடங்கும். இந்த ஊரில் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. லோங்காங்கில் போவது கழிவுநீர்க் குழாய்க்குப் போகாது, ரெண்டும் வேறு வேறு. லோங்காங் தண்ணீர் கால்வாய்க்கும், அங்கிருந்து நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகும். சில யார்டில் தண்ணீர் போகும் வழியில் எண்ணெய்ப் பிரிப்பான் தொட்டி இருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் டீசல் தண்ணீரோடு கலந்து பால் மாதிரி ஆகி அந்தத் தொட்டியையும் தாண்டிப் போய்விடும். அதனால் சோப்பு போடாதீர்கள், ஹோஸ் பிடிக்காதீர்கள். முதலில் லோங்காங் வாயை மூட வேண்டும் (அதற்கென்றே கனமான ரப்பர் விரிப்பு விற்கிறார்கள்), பிறகு உறிஞ்சும் துணி, மரத்தூள். அள்ளியதைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் உள்ள கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்.

தீக்குச்சி விஷயம்: தரையில் தேங்கி நிற்கும் டீசல் சட்டென்று பற்றாது, உண்மை. வெண்ட் வாயிலிருந்து பீய்ச்சி அடிக்கும் டீசல், பக்கத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டேங்கர், அதன் சூடான புகைக்குழாய். இதை நினைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். இன்னொன்று, டேங்க் வைத்திருப்பதற்குக் குடிமைத் தற்காப்புப் படையிடம் எடுக்கும் உரிமத்தில் எவ்வளவு வைக்கலாம் என்று எண் இருக்கும். அதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், டேங்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று.

மாடிஜென்செட் எழுதியது:

கொஞ்சம் வேறு கதை, ஆனால் உதவும். நான் பார்ப்பது ஒரு அலுவலகக் கட்டடம். ஜெனரேட்டருக்கு மேல்மாடியில் சின்ன டே டேங்க் (அன்றாடத் தேவைக்கான டேங்க்), கீழே பெரிய டேங்க், இடையில் தானாக ஓடும் பம்ப். மிதவை கீழே இறங்கினால் பம்ப் ஓடும், மேலே வந்தால் நிற்கும். ஒருநாள் மிதவை மேலே வந்தும் பம்ப் நிற்கவில்லை, ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது. வழிந்தால் கீழே திரும்பிப் போக ஒரு குழாய் இருந்தது, ஆனால் அது ஊற்றும் குழாயைவிட ஒல்லி. பம்ப் தள்ளும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு, யாரும் இல்லை. படிக்கட்டில் டீசல் இறங்கி வந்தது.

எங்களுக்கு அதற்குப் பிறகு மூன்று மாற்றம்: திரும்பும் குழாயைப் பெரிதாக்கினோம், பம்பை நிறுத்தத் தனியாக இன்னொரு ஸ்விட்ச் முதல் மிதவையோடு சம்பந்தமே இல்லாமல், பம்புக்கு ஒரு டைமர். டே டேங்க் நிரம்ப எட்டு நிமிடம் போதும் என்றால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பம்ப் ஓடவே கூடாது. டைமர்தான் மலிவு, அதுதான் எனக்கு நிம்மதி.

துவாஸ்யார்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டிப்குச்சி அண்ணே, நீங்கள் ஜோசியமா பார்க்கிறீர்கள்? அதற்கு முந்தின வாரம் பொது விடுமுறை, அதோடு ஒரு வாடிக்கையாளர் வேலை தள்ளிப்போனதால் ஆறு லாரி சும்மா நின்றது. டீசல் வழக்கமாகச் செலவாகும் அளவுக்குச் செலவாகவில்லை. நாங்களோ செவ்வாய் வந்ததும் 5,000.

டயல் குறிப்பு எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஆள் ஒருவர் தினமும் காலையில் நோட்டில் எழுதுகிறார், நான் அதைப் படித்ததே இல்லை. சம்பவத்துக்கு முன்னால் நாலு நாளாக 4,500, 4,500, 4,500, 4,500. ஆனால் அந்த நாட்களில் லாரிகளுக்கு டீசல் போட்டிருக்கிறோம், பம்ப் மீட்டரில் இருக்கிறது. கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும், முள் அசையவே இல்லை. நோட்டைப் புரட்டப் புரட்ட வயிற்றைக் கலக்கியது. டயலைக் கழற்றினோம். மிதவைக் கையின் மூட்டில் துரு, கையால் தள்ளினால்தான் நகர்கிறது.

இப்போது ஒரு பித்தளை நுனி டிப் குச்சி வந்துவிட்டது. பண்ட் வால்வுக்குப் பூட்டு, சாவி என்னிடம். வேறு டயல் வரப்போகிறது. தவுக்கே கொஞ்சம் இறங்கி வந்து அலாரத்துக்கும் சரி என்றார். அதை எத்தனை லிட்டரில் அடிக்க வைப்பது? 9,500 போதுமா? அந்த ஓவர்ஃபில் வால்வும் வேண்டுமா?

டிப்குச்சி எழுதியது:

நாலு நாள் ஒரே எண் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு 2005-தான் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்ற எண்ணெய்க் கிடங்கு, லண்டனுக்கு வடக்கே, டிசம்பர் 11. டேங்க் எண் 912-இல் குழாய் வழியாக பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. விடியற்காலை மூன்று மணி வாக்கில் கன்ட்ரோல் ரூம் திரையில் அளவு அப்படியே நின்றுவிட்டது, டேங்கில் மட்டம் ஏறிக்கொண்டேயிருந்தது. ஐந்தரைக்கு மேல் கூரை வழியாக வழியத் தொடங்கியது. ஆறு மணிக்கு ஆவி பற்றி வெடித்தது. 250,000 லிட்டருக்கு மேல் வெளியே போயிருந்தது. நாற்பது பேருக்கு மேல் காயம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் உயிர் போகவில்லை. விசாரணையில் என்ன தெரிந்தது தெரியுமா? அந்த மீட்டர் அதற்கு முந்தின மூன்று மாதத்தில் 14 தடவை அப்படி நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சரிபண்ணி ஓட்டியிருக்கிறார்கள், ஏன் நிற்கிறது என்று யாரும் கடைசிவரை தோண்டவில்லை.

அலாரம் பற்றிக் கேட்டீர்கள், அதுவும் அங்கேயே இருக்கிறது. மீட்டர் நின்றாலும் காப்பாற்றுவதற்கென்று தனியாக ஓர் உச்சமட்ட ஸ்விட்ச் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன நெம்புகோல். சோதனை முடிந்ததும் நெம்புகோலை நடுநிலையில் வைத்து ஒரு பூட்டுப் போட வேண்டும், பூட்டு இல்லாவிட்டால் நெம்புகோல் தொங்கிப்போய் ஸ்விட்ச் வேலை செய்யாது. பூட்டின் வேலை அதுதான் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. பூட்டில்லாமலே விட்டுவிட்டார்கள். ஸ்விட்ச் இருந்தது, அன்றைக்கு அது வேலை செய்யவில்லை.

சரி, உங்கள் டேங்குக்கு வருவோம். அலாரம் புதுசாக வாங்கும்போது டயலோடு சேர்ந்த அலாரம் வாங்காதீர்கள். ஒரே மிதவை இரண்டுக்கும் என்றால், அது மாட்டிக்கொண்டால் இரண்டும் சேர்ந்து ஊமை. தனி சென்சார், தனி ஒயர். சத்தம் டேங்க் பக்கத்தில் கேட்டால் போதாது, டிரைவர் நிற்கும் இடத்தில் கேட்க வேண்டும், விளக்கும் எரிய வேண்டும்.

எத்தனை லிட்டரில்? இங்கேதான் படுக்கை டேங்க் ஏமாற்றும். நடுவில் ஒரு சென்டிமீட்டர் 64 லிட்டர் என்றேன். மேலே போகப் போக டேங்க் குறுகும், மூடியிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே ஒரு சென்டிமீட்டர் என்பது 28 லிட்டர்தான். அதாவது பம்ப் அதே வேகத்தில் ஓடினாலும் கடைசியில் மட்டம் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஏறும். உயரத்தில் 1.80 மீட்டர் என்றால் பார்க்க இன்னும் ஒரு சாண் இடம் இருக்கிற மாதிரித் தெரியும். கொள்ளளவில் அது ஏற்கெனவே 95 சதவீதம், மிச்சம் 500 லிட்டர்தான். 400 லிட்டர் பம்புக்கு அது 75 விநாடி.

அதனால் 9,500 என்பதை 'இதற்கு மேல் ஒரு சொட்டும் ஏறாது' என்ற கோடாக வையுங்கள், அலாரத்தை 9,000-இல் வையுங்கள். உங்கள் டேங்கில் அது 1.69 மீட்டர் உயரம். ஆர்டர் போடும்போது கணக்கு அதைவிடக் கீழே நிற்க வேண்டும். டிப் 4,200 என்றால் 4,500-க்கு மேல் ஆர்டர் போடாதீர்கள். ஹோஸில் இருப்பதும் உள்ளே போக வேண்டும், வெயிலில் டீசல் விரியும், 9,500 லிட்டர் 5 டிகிரி சூடேறினால் ஒரு 40 லிட்டர் கூடும். சரியாக ஆர்டர் போட்டிருந்தால் அந்த அலாரம் வருடத்தில் ஒருநாள்கூட அடிக்கக்கூடாது. அடித்தால் 'அலாரம் காப்பாற்றியது' என்று கை தட்டாதீர்கள், டிப் எடுத்தவர் யார், என்ன எழுதினார் என்று பாருங்கள். எண்ணெய் ஏற்றும்போது அலாரத்தை எதிர்பார்த்து ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு, "அடிக்கட்டும், நிறுத்திக்கலாம்" என்று. அதைவிட அலாரமே இல்லாமல் இருப்பது மேல்.

ஓவர்ஃபில் வால்வு நல்ல சாமான்தான். ஆனால் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: பம்ப் அழுத்தத்துக்குத் தாங்குமா? பெட்ரோல் நிலையத்து நிலத்தடி டேங்குக்கான வால்வுகள் பல, எண்ணெய் தன் பாரத்தில் இறங்குவதற்காகச் செய்தவை. அதைக் கொண்டுவந்து பம்ப் வைத்து ஊற்றும் டேங்கில் மாட்டினால் சரிவராது. சரியான வால்வு என்றாலும் மூடியதும் ஹோஸ் முழுக்க அழுத்தத்தோடு எண்ணெய் நிற்கும், கப்ளிங்கைச் சட்டென்று கழற்றினால் டிரைவர் முகத்தில்தான். கழற்றும்போது இரண்டு பக்கமும் தானாக மூடிக்கொள்ளும் கப்ளிங் போட்டிருந்தால் நல்லது.

பண்டுக்கு ஒரே ஒரு வார்த்தை. பெரிய டேங்கின் 110 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், உங்களுக்கு அது 11,000 லிட்டர். 5-க்கு 4 மீட்டர் பண்ட், 60 சென்டிமீட்டர் சுவர் என்றால் 12,000 பிடிக்கும். மிச்சம் 1,000 லிட்டர், தரையில் பரப்பினால் 5 சென்டிமீட்டர். நம்ம ஊர் மத்தியான இடிமழை ஒன்று வந்தால் அது போச்சு. ஆகவே தண்ணீரை வடிக்கத்தான் வேண்டும், ஆனால் வடிக்கும் ஆள் அங்கேயே நிற்க வேண்டும், தண்ணீர்மேல் படலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும், மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். சாவி உங்களிடம் இருப்பது நல்லது, ஆனால் நீங்கள் லீவில் போகும்போது?

துவாஸ்யார்டு எழுதியது:

அண்ணே, லீவு கேள்வி நெத்தியடி. சாவியோடு ஒரு நோட்டும் தொங்கவிட்டிருக்கிறேன், திறந்த நேரம், மூடிய நேரம், பெயர். நான் இல்லாத நாளில் ஷிஃப்ட் ஃபோர்மேன்.

நேற்று முதல் தடவையாக டிப் பார்த்து ஆர்டர் போட்டோம். 78 சென்டிமீட்டர், அட்டவணைப்படி 3,600 லிட்டர். 5,000-க்குப் பதில் 4,800 கேட்டேன். ஃபோனில் அந்தப் பெண் "வழக்கமா 5,000 தானே?" என்று இரண்டு முறை கேட்டார். ஊற்றி முடிந்ததும் மறுபடி டிப், 1.57 மீட்டர், கணக்கோடு ஒத்துப்போனது. கையெழுத்து அதற்குப் பிறகுதான் போட்டேன். அதே அங்கிள்தான் வந்தார். நான் கூடவே நின்றதைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்.

ஆறுசக்கரம் எழுதியது:

அவர் சிரித்தாரா, நல்ல அறிகுறி. அடுத்த தடவை அவரிடம் கடைசி 300 லிட்டருக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், செய்வார். ஊற்றும் வாய்க்குக் கீழே தட்டு வைத்தீர்களா? அதை எழுதவே இல்லை.

துவாஸ்யார்டு எழுதியது:

இன்னும் இல்லை. இப்போதைக்குப் பழைய எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டி வைத்திருக்கிறோம். தவுக்கே பார்த்துவிட்டு "இதற்குக் காசு கேட்கவில்லையே" என்று சந்தோஷப்பட்டார்.